வனஜாக்ஷியின் இயல்பான நடத்தை

நீலகேரி மிருகக்காட்சிசாலையில் மௌலாசாப் பதினாறு வருடமாகக் குப்பை கூட்டினார். முன்வாசலில் தொடங்கி, மான் கொட்டடி, முதலைக் குளம், மயில் கூண்டு எல்லாவற்றையும் தாண்டிக் கரடி இருக்கும் பக்கம் போவார். அங்கே ஒரு வேப்பமரம் நிற்கும். அந்த மரத்தடியோடு அவருடைய துடைப்பம் நின்றுவிடும். அதற்கு அப்பால் கிடக்கும் சருகையும் ஐஸ் குச்சியையும் கரடியின் கீப்பர் யமனப்பாதான் கூட்ட வேண்டும்.

காரணம் ஒரு பத்திரம். அந்தக் கரடியை ஐம்பது அடிக்குள் நெருங்க மாட்டேன், குரல் கொடுத்துக் கூப்பிட மாட்டேன் என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்து மௌலாசாப் பெருவிரல் வைத்திருந்தார். வனக்காவலர் ஒருவர் நாடா வைத்து அளந்ததில் வேப்பமரம் ஐம்பத்திரண்டு அடியில் நின்றது. அந்த இரண்டடியை மௌலாசாப் அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார்.

கரடி ஒரு காலத்தில் அவருடையது. மௌலாசாப் கலந்தர் குலத்துக்காரர். அப்பா, பாட்டன், பாட்டனின் அப்பா எல்லோரும் கரடியாட்டிகள். கண் திறக்காத குட்டியாக வந்த அதற்குச் சம்கி என்று பெயர் வைத்தார். ஒன்பது வருடம் சந்தை சந்தையாக ஆட்டினார். ஒரு வாரச்சந்தையில் வைத்து வனத்துறை பிடித்தது. அவர் மூன்று மாதம் உள்ளே இருந்தார். கரடி நீலகேரிக்கு வந்தது. அப்போது இருந்த மந்திரி அதற்கு வனஜாக்ஷி என்று பெயர் சூட்டி ஒரு கல்லும் பதித்தார்.

மௌலாசாப் வெளியே வந்தபோது மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு தையல் மெஷின் கொடுத்தார்கள். அவருக்குத் தைக்கத் தெரியாது என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. உடனே மிருகக்காட்சிசாலையில் கூட்டும் வேலை போட்டுக்கொடுத்தார்கள். எந்த மிருகத்தோடு பழகக் கூடாது என்று அரசாங்கக் கட்டடத்தின் ஒரு மாடி சொல்லியிருந்ததோ, அந்த மிருகம் இருக்கும் இடத்துக்கே அவரை இன்னொரு மாடி அனுப்பியது. இரண்டு மாடிக்கும் இடையில் படிக்கட்டு இருந்தது. யாரும் அதில் ஏறி இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் பத்திரத்தில் இல்லாததையும் கடைப்பிடித்தார். காற்று தன் பக்கமிருந்து கரடிப் பக்கம் வீசினால் அன்றைக்கு அங்கே போக மாட்டார். கரடிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது என்று யமனப்பா சொல்லியிருந்தான். மூக்கு மட்டும் நன்றாக இருக்கிறதாம். அதனால் மௌலாசாப் காற்றைப் பார்த்துத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

பதினாறு வருடம் இப்படிப் போனது. பதினேழாவது வருடம் ஏப்ரலில் புது இயக்குநர் ஹலகட்டி சாகேப் வந்து சேர்ந்தார்.

அவர் அதற்கு முன் பட்டுப்புழுத் துறையில் இருந்தவர். வந்த மூன்றாம் நாள் ஊழியர்களை எல்லாம் யானைச் சிலைக்கு முன்னால் வெயிலில் நிற்க வைத்துப் பேசினார்.

"மக்கள் வர்றாங்க, பாக்கறாங்க, மண்டக்கிப் பொரி, மிளகாபஜ்ஜி சாப்பிடறாங்க, போறாங்க. இது போதுமா? போதாது. பார்வையாளர் விலங்கோட உறவாடணும். விலங்கும் பார்வையாளரோட உறவாடணும். ரெண்டு தரப்புக்கும் ஒரு மனநிறைவு வரணும். அதுக்கு நாம ரசீது கொடுக்கணும்."

அப்படி ஆரம்பித்ததுதான் கோடை விலங்கு நட்பு முகாம். கல்வி அலுவலர் ஸ்மிதா அதற்கு வண்ண வண்ணமாகப் பலகைகள் எழுதி வைத்தாள்.

முதல் நிகழ்ச்சி ஆமைக்கு வணக்கம். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை ஆமையின் முதுகைத் தொட்டார்கள். ஆமை தலையை உள்ளே இழுத்தது. மூன்று நாள் வெளியே நீட்டவில்லை. ஆமை தியானத்தில் இருக்கிறது என்று ஸ்மிதா ஒரு பலகை எழுதினாள். அதற்குப் பிறகு தியானத்தில் இருக்கும் ஆமையைத் தொடத் தனிக் கட்டணம் வைத்தார்கள்.

அடுத்தது ஒட்டகச்சிவிங்கியுடன் காலை உணவு. நீலகேரியில் ஒட்டகச்சிவிங்கி கிடையாது. வேறு மாநிலத்திலிருந்து வரும் என்று இரண்டு வருடத்துக்கு முன் அடைப்பு கட்டித் தீவனத் தொட்டியும் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்து காலி அடைப்புக்கு முன்னால் உட்கார்ந்து, உயரத்தைப் பார்த்தபடி உப்புமா சாப்பிட்டார்கள். கேட்டவர்களிடம் ஹலகட்டி சாகேப், "இருக்கற விலங்கை யார் வேணும்னாலும் பாக்கலாம். இல்லாததைப் பாக்கறதுக்குத்தான் அறிவு வேணும்" என்றார். கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

முதலை மேல் மட்டும் தொடர்ந்து புகார் வந்தது. அது உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒருவர் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டார். முதலைக் குளத்தையும் யமனப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தான். முதலை அசையாததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று அவனுக்கு ஓலை வந்தது. அவன் இரண்டு நாள் யோசித்து, "முதலைக்கு அசைய வேண்டிய அவசியம் இதுவரை ஏற்படவில்லை" என்று எழுதிக்கொடுத்தான். அது கோப்பில் சேர்ந்தது.

மௌலாசாப் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கூட்டினார். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கூட்டம் அதிகமாக வந்தால் குப்பையும் அதிகமாக விழும். அதுதான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு கரடி மேல் புகார் வந்தது. கரடி தூங்குகிறது, கொடுத்த காசு வீண் என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள்.

ஹலகட்டி சாகேப் கூட்டம் போட்டார். மேசையில் மோர் வைத்திருந்தது. கரடியின் கோப்பை எடுத்துவரச் சொன்னார். அதில் மருத்துவர் குறிப்பும் தீவனக் கணக்கும் இருக்கும் என்று நினைத்தார். அடியில் பழைய குற்றப்பத்திரிகையின் நகல் இருந்தது. அதைப் படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

மேற்படி நபர் மேற்படி கரடியைப் பின்னங்காலில் நிற்க வைத்தது, கூட்டத்தைப் பார்த்துச் சலாம் போட வைத்தது, தோளில் கம்பு சாய்த்துச் சிப்பாய்போல் நடக்க வைத்தது, புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணைப்போல் முகத்தை மூடிக்கொண்டு அழ வைத்தது என்று ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதியிருந்தது.

"சார், இதெல்லாம் குற்றம்னுதானே போட்டிருக்கு?" என்று ஸ்மிதா தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"கீழ எழுதியிருக்கறது எல்லாம் திறமைம்மா. குற்றம்ங்கறது மேல இருக்கற தலைப்பு. தலைப்பை மாத்திடலாம்."

மாற்றினார்கள். நிற்பது உடற்பயிற்சி ஆனது. சலாம் வரவேற்பு நடத்தை ஆனது. கயிறு வழிகாட்டு நாடா ஆனது. அழுவதற்குத்தான் ஸ்மிதாவுக்குச் சட்டென்று சொல் கிடைக்கவில்லை. உணர்வு வெளிப்பாடு என்று சாகேபே எடுத்துக்கொடுத்தார்.

மௌலாசாபைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"மௌலா, பயப்படாதே. உன் பழைய கேஸைப் படிச்சேன். அசந்துபோயிட்டேன். என்ன உழைப்பு!"

"நான் வேப்பமரத்தைத் தாண்டுனதே இல்லை சாகேப். யமனப்பாவைக் கேட்டுப் பாருங்க."

"தாண்டணும்ங்கறேன். பத்திரத்தை ரத்து பண்ண எழுதிட்டேன். உன்னைப் பாரம்பரிய விலங்கு நடத்தை ஆலோசகரா போடறேன். வனஜாக்ஷி எழுந்து நின்னு சலாம் போடணும். அவ்வளவுதான் உன் வேலை."

மௌலாசாப் சுற்றிலும் பார்த்தார். இன்னொரு கேஸ் போடுவதற்கு ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தார்.

"அது தப்புன்னுதானே சாகேப் என்னை உள்ள வெச்சாங்க?"

"அன்னிக்கு நீ செஞ்சது தப்புதான். ஏன் தப்பு? அதுல கல்வி இல்லை. நீ வயித்துக்காகச் செஞ்சே. நாங்க விழிப்புணர்வுக்காகச் செய்யறோம். நீ துண்டை விரிச்சே. நாங்க டிக்கெட் கொடுக்கறோம். நீ நடுத்தெருவுல நின்னே. நாங்க வேலி போட்டிருக்கோம். வித்தியாசம் புரியுதா?"

"எனக்குப் புரியுது சாகேப். அவளுக்குப் புரியுமா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஹலகட்டி சாகேப் சற்று யோசித்தார்.

"நல்ல கேள்வி. ஸ்மிதா, இதைக் குழந்தைங்க கையேட்டுல சேத்துடுங்க."

வாசலுக்கு வந்த மௌலாசாப் திரும்பி நின்றார்.

"சாகேப், தொடலாமா?"

"தொடணும்ப்பா. சந்திப்புன்னா பின்ன என்ன?"

அந்த ஒரு வார்த்தையில் அவர் விழுந்துவிட்டார்.

வீட்டில் ஜைனாபி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சோளமாவு அவள் முழங்கை வரைக்கும் அப்பியிருந்தது. அவர் சொன்னதையெல்லாம் கை நிறுத்தாமல் கேட்டாள். சம்கிக்கு முதல் பாலைப் புட்டியில் ஊட்டியது அவள்தான். அப்போது மகள் கைக்குழந்தை. மடியின் ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் கரடிக்குட்டி. மகள் இப்போது கதக் ஊரில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள்.

"போகாதீங்க" என்றாள்.

"ஒரு தடவை தொட்டுட்டு வந்துடறேன். கண்ணு தெரியலையாம்."

"பதினாறு வருஷமா அஞ்சு வேளையும் நான் என்ன துவா கேக்கறேன் தெரியுமா உங்களுக்கு?"

"என்ன கேக்கறே?"

"அவளுக்கு நம்ம வாசனை மறந்துபோகணும்னு கேக்கறேன்."

மறந்துபோயிருக்குமோ என்ற பயத்தில்தான் மௌலாசாபுக்குப் போகத் தோன்றியது என்பதை எப்படி அவளிடம் சொல்வது?

மறுநாள் காலை ஏழு மணிக்கு யமனப்பா அவரைக் கரடியின் பின்கூண்டுக்கு அழைத்துப்போனான். சிமெண்டு நடை, ஒரு பக்கம் கம்பி. ஹலகட்டி சாகேபும் ஸ்மிதாவும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தார்கள். கம்பிக்குள் ஒரு கறுப்பு மூட்டை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. முதுகில் ரோமம் உதிர்ந்து தோல் தெரிந்தது.

மௌலாசாப் குரல் கொடுக்கவில்லை. கம்பியில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

மூட்டையில் மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு தலை திரும்பியது. கண் இரண்டும் பால்போல் வெளுத்திருந்தன. மூக்கின் மேல் பழைய ஓட்டை சுருங்கித் தழும்பாகக் கிடந்தது. கரடி காற்றை இழுத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மெல்ல எழுந்தது. ஓடி வந்து கையை நக்கும் என்று அவர் நினைத்தார். பதினாறு வருடம் அதைத்தான் நினைத்திருந்தார்.

சம்கி பின்னங்காலில் நின்றாள். முட்டி நடுங்கியது. விழாமல் இருக்க ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சலாம் போட்டாள்.

அடி வாங்காமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, ஒரு வார்த்தை சொல்லலை. எவ்வளவு இயல்பா வருது!" என்றார் ஹலகட்டி சாகேப்.

சம்கி கையை இறக்கவில்லை. மௌலாசாப் கம்பியிலிருந்து கையை எடுத்தார். திரும்பி நடந்தார். நடையின் கோடியில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். கடைசியில் அவர் அவளைத் தொடவே இல்லை.

மதியம் அவராகவே அலுவலகத்துக்குப் போனார்.

"சாகேப், என்னால ஆகாது."

"பத்திரம்தான் ரத்தாயிடுச்சே?"

"பத்திரத்துக்காக இல்லை சாகேப். நான் அவளுக்கு நாலு பல்லை உடைச்சிருக்கேன். ஊசியைக் காய்ச்சி மூக்குல ஓட்டை போட்டிருக்கேன். மூணு மாசக் குட்டி அது. கத்துச்சு. எங்கப்பன் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே செஞ்சேன். அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கலை. இன்னொரு தடவை அவ முன்னால போய் நிக்க என்னால முடியாது."

மின்விசிறி சுற்றியது.

"இதையெல்லாம் விழாவுல பேசாதே" என்றார் சாகேப்.

மூன்றாம் நாள் மௌலாசாபை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. கரடியை ஐம்பது அடிக்குள் நெருங்க மறுத்தமைக்காக என்று அதில் காரணம் எழுதியிருந்தது. ஸ்மிதா அதைப் படித்துக் காட்டினாள். அவள் படித்து முடித்ததும் மௌலாசாப், "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை ஒப்படைத்தார். கூட்டும்போது போடும் காக்கிச் சட்டை பெட்டகத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

அவர் இல்லாமல் முகாம் நிற்குமா? நீதிமன்றச் சாமான் அறையிலிருந்து சந்தையில் கரடியை ஆட்ட அவர் அடித்த பழைய குடுகுடுப்பையை வாங்கிவர மூன்று அலுவலகத்துக்கு எழுதினார்கள். அது சான்றுப் பொருள் என்ற அட்டை தொங்க வந்து சேர்ந்தது. அட்டையைக் கழற்ற அனுமதி இல்லை. அட்டையோடே அதை ஆட்டச் சொன்னார்கள். யமனப்பா ஆட்டினான். கரடி மூலையில் ஒண்டிக்கொண்டு மூத்திரம் போனது. பார்வையாளர் கையேட்டில் அதற்கு இடமில்லை. குடுகுடுப்பை திரும்பிப் போனது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் யமனப்பா சைக்கிளில் மௌலாசாப் வீட்டுக்கு வந்தான். ஜைனாபி கொடுத்த தண்ணீரைக் குடித்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"சாச்சா, ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் கொடுத்தனுப்பினாங்க. நான் வர மாட்டேன்னுதான் சொன்னேன்."

"படிப்பா."

யமனப்பா படித்தான். முகாமின் வெற்றியில் தங்களது பங்களிப்பை நிர்வாகம் பாராட்டுகிறது என்று தொடங்கியது. துவைக்கப்படாத தங்களது சட்டை ஒன்றை இக்கடிதம் கொண்டுவருபவரிடம் கொடுத்தனுப்பவும் என்று முடிந்தது.

"எதுக்குச் சட்டை?" என்றாள் ஜைனாபி.

யமனப்பா கடிதத்தை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். பிறகு சொன்னான். பெட்டகத்தில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து ஒரு கம்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் பெரிய மின்விசிறி. காற்று சட்டை வழியாகக் கரடி அடைப்புக்குள் போகும். காலை பத்து மணிக்கு விசிறியைப் போடுகிறார்கள். வனஜாக்ஷி எழுந்து நின்று சலாம் போடுகிறாள்.

"எவ்வளவு நேரம்?" என்று மௌலாசாப் கேட்டார்.

"விசிறி ஓடற வரைக்கும் சாச்சா. அஞ்சு மணிக்குத்தான் நிறுத்தறாங்க. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கறா. நடுவுல விழறா. எந்திரிச்சு மறுபடியும் நிக்கறா. கூழு வெச்சா குடிக்கறதில்லை. கையைக் கீழ இறக்கினாத்தானே குடிக்க? ஊரே திரண்டு வருது. வாசனை வழி நட்புன்னு பலகை வெச்சிருக்காங்க. இப்ப சட்டையில வாசனை குறைஞ்சுபோச்சாம். அதான் இன்னொண்ணு."

ஜைனாபி எழுந்தாள். கொடியில் தொங்கியது, ஆணியில் மாட்டியது, பெட்டியில் இருந்தது என்று புருஷனுடைய துணி அத்தனையும் வாரிக்கொண்டு போய்க் கல்லில் போட்டாள். சோப்புப் போட்டு அடித்தாள். அடித்ததையே திரும்ப எடுத்து அடித்தாள். அவர் போட்டிருந்த சட்டையையும் கழற்றித் தரச் சொன்னாள். அவரும் கழற்றிக் கொடுத்தார். வெற்று உடம்போடு வாசலில் உட்கார்ந்திருந்த அவரிடம் யமனப்பா, "சட்டை இல்லைன்னு சொல்லிடறேன் சாச்சா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரமாவது பார்வையாளர் விழா. மௌலாசாப் டிக்கெட் எடுத்து உள்ளே போனார். பதினாறு வருடத்தில் அவர் டிக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. வாசலில் இருந்த பெண் அவர் கையிலும் ஒரு நட்புச் சான்றிதழைத் திணித்தாள்.

வேப்பமரத்தடியில் மேடை போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் கரடி அடைப்பு வரைக்கும் ஜனம். சட்டை தூரத்திலேயே தெரிந்தது. அவருடைய சட்டைதான். இடது தோளில் ஜைனாபி போட்ட ஒட்டு இருந்தது. காற்றில் உப்பி, உள்ளே ஆள் இருப்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே அகழிக்கு அந்தப் பக்கம் சம்கி நின்றாள். வாயில் நுரை தள்ளியிருந்தது. வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. அவள் அந்தச் சட்டைக்குச் சலாம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் திருப்பிச் சலாம் போட்டார்கள்.

ஒலிபெருக்கியில் ஹலகட்டி சாகேப் பேசினார்.

"ஒரு காலத்துல இந்தக் கரடியை ஒரு கொடியவன் கயித்துல கட்டி ஆட்டினான். இந்த அரசாங்கம் அதை மீட்டுச்சு. இன்னிக்குக் கயிறு உண்டா? இல்லை. குச்சி உண்டா? இல்லை. யாராவது அடிக்கறாங்களா? இல்லை. தானா நிக்குது. தானா வணக்கம் சொல்லுது. ஏன்? சுதந்திரம். சுதந்திரம் கிடைச்ச விலங்கு நன்றியோட இருக்கும்ங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ஏழு மணி நேரம் நிக்குதுங்க. நம்ம ஊழியர்கள் யாராவது நிப்பாங்களா?"

ஜனம் கை தட்டியது. மௌலாசாப் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் சம்கியிடம் சொல்லும் வார்த்தை ஒன்று இருந்தது. குற்றப்பத்திரிகையில் அது இல்லை. சந்தைக்கு வந்த போலீஸ்காரர்கள் யாரும் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை.

"போதும் மகளே" என்றார் மௌலாசாப். "வீட்டுக்குப் போலாம்."

சம்கியின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. முன்னங்கால் தரையில் பட்டது. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். தடவித் தடவி நடந்து அகழியின் ஓரத்துக்கு வந்தாள். அங்கே உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, கழுத்தை நீட்டினாள். சந்தை நாட்களில் அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் வந்து கயிற்றைப் பிடிப்பார். இரண்டு பேரும் நடப்பார்கள். வழியில் வெல்லம் கொடுப்பார். அவள் கழுத்தை நீட்டியபடியே இருந்தாள்.

நடுவில் பதினைந்து அடிப் பள்ளம்.

"யாரய்யா அதை உக்காரச் சொன்னது? இப்பத்தானே உள்ள வந்தோம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். "காசைத் திருப்பிக் கொடுங்க" என்று இன்னொருவர். காவலர்கள் வந்து மௌலாசாபைத் தோளில் பிடித்து இழுத்தார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. கம்பியிலிருந்து விரல்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

காவலர் அறையில் ஹலகட்டி சாகேபே வந்து உட்கார்ந்து எழுதினார். என்ன பிரிவில் போடுவது என்று வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் விலங்கின் இயல்பான நடத்தைக்கு இடையூறு விளைவித்தது என்று எழுதினார். ஐம்பது அடி போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். புதுப் பத்திரத்தில் அரை கிலோமீட்டர் என்று இருந்தது. மௌலாசாப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

"நீ அதை ஆட வெச்சதுக்கு ஒரு கேஸ், நிறுத்தினதுக்கு ஒரு கேஸ். உனக்கு என்னதான் வேணும் மௌலா?" என்று சாகேப் கேட்டார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"சட்டையைக் கழட்டிடுங்க சாகேப்" என்றார் மௌலாசாப்.

கழற்றவில்லை. ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்து அது நனைந்தது. வாசனை போய்விட்டது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். முகாமும் முடிந்தது. அதற்கு மாநில அளவில் ஒரு கேடயம் கிடைத்தது. விசிறியைக் கிடங்கில் போட்டார்கள்.

ஆனால் சம்கி தினமும் பத்து மணிக்கு எழுந்து நின்றாள். எதிரே யாரும் இல்லை. ஆளில்லாத வேலியைப் பார்த்துச் சலாம் போட்டாள். யமனப்பா போய், "போதும் மகளே" என்று சொல்லிப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். குரல் வேறு. அவள் காது கொடுக்கவில்லை.

ஒரு நாள் அவன் மௌலாசாபைப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னான். அது மிருகக்காட்சிசாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பத்திரத்துக்கு வெளியே. தூறல் விட்டிருந்த மதியம். இரண்டு பேரும் ஒரு காலி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யமனப்பா கைபேசியை எடுத்து அவர் வாய்க்கு அருகில் பிடித்தான்.

"இதுல சொல்லுங்க சாச்சா. நான் தினம் அவகிட்ட போட்டுக் காட்டறேன். கேட்டா உக்காந்துடுவா."

மௌலாசாப் கைபேசியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"போதும் மகளே. வீட்டுக்குப் போலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அகழி ஓரத்தில் நீட்டிய கழுத்து நினைவுக்கு வந்தது.

"அழிச்சுடு. போதும்கறதை மட்டும் இன்னொரு தடவை சொல்றேன்."

இன்னொரு தடவை சொன்னார். நாக்கு தன்னால் முழுவதையும் சொல்லிவிட்டது. மூன்றாம் தடவை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். ஒன்பது வருடம் சேர்த்துச் சேர்த்துச் சொன்ன வார்த்தை, பாதியில் நிற்கவில்லை.

யமனப்பா அவர் கையைப் பிடித்தான்.

"விடுங்க சாச்சா. இதுலயே நறுக்கலாம். பின்னால வர்றதை வெட்டிடவா?"

தார்வாட் பஸ் வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. மௌலாசாப் அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிடு" என்றார்.

யமனப்பா திரையில் விரலை வைத்து நகர்த்தினான். சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தான். போதும் மகளே என்று மௌலாசாபின் குரல் சொன்னது. அதோடு நின்றது.